மஞ்சள் மீற்றர் டிடி-830பி: 12 வோல்ற்றுக்குத் தாராளமாக, 230க்கு அளவோடு

யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதி, கஸ்தூரியார் வீதிப் பக்கத்து மின்பொருள் கடைகளில் கேட்டால் முதலில் எடுத்துக் காட்டுகிற மலிவான பல்மானி இது. பல பெயர் ஒட்டி வந்தாலும் உள்ளே இருக்கிற சுற்று ஏறக்குறைய ஒன்றுதான். வோல்ற்றையும் அம்பியரையும் அளந்து, தடையையும் வலுவையும் கணக்கிடப் பழகுகிற சாதாரண தர, உயர்தர மாணவருக்கு இந்த விலைக்கு இதைவிட நல்ல கருவி இல்லை. ஆனால் இதன் 10ஏ துளையின், அதாவது 10 அம்பியர் வரை அளக்கச் சிவப்புக் கம்பியைச் செருகுகிற துளையின், ஆபத்தைச் சொல்லாமல் ஒரு பிள்ளையின் கையில் இதைக் கொடுக்கக்கூடாது.

மீற்றரின் தரத்தைப் பார்க்க மோட்டார் சைக்கிளின் 12 வோல்ற்று, 21 வாற்று பிரேக் பல்பு ஒன்றும் 12 வோல்ற்று பற்றரியும் போதும். 21ஐ 12ஆல் வகுத்தால் 1.75 அம்பியர் ஓடவேண்டும். சிவப்புக் கம்பியைக் கழற்றி 10ஏ துளையில் போட்டு, குமிழையும் 10ஏக்குத் திருப்பி, பற்றரிக்கும் பல்புக்கும் இடையில் மீற்றரைத் தொடராகப் பிடிக்கவேண்டும். திரையில் 1.73 என்று இரண்டு தசமதானத்துக்கு வரும். இன்னொரு மீற்றரை நேரோட்ட 20 வோல்ற்றில் வைத்துப் பல்பின் இரு முனைகளிலும் பிடித்தால் 12.00 என்று வைத்துக்கொள்வோம். தடை 12.00 ÷ 1.73 = 6.94 ஓம். வலு 12.00 × 1.73 = 20.8 வாற்று.

இரண்டு மீற்றர் எதற்கு? இதோடு வருகிற கம்பி மெல்லியது. இரண்டு கம்பியும் சேர்ந்து 0.2 ஓம் இருந்தாலே 1.73 அம்பியர் ஓடும்போது 0.35 வோல்ற்று கம்பியிலேயே விழுந்துவிடும். ஒரே மீற்றரால் முதலில் மின்னோட்டத்தை அளந்து, பிறகு அதைச் சுற்றிலிருந்து எடுத்துவிட்டு வோல்ற்றை அளந்தால், பல்புக்கு 12.35 வோல்ற்று கிடைக்கும். அதை 1.73ஆல் பெருக்கினால் 21.4 வாற்று. அந்தக் கூடுதல் 0.6 வாற்று பல்பினுடையதல்ல; இரண்டு அளவும் இரண்டு வேறு நிலைமைகளில் எடுக்கப்பட்டதால் வந்தது. பரிசோதனை அறிக்கையில் பிழை எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். மலிவான மீற்றர் என்பதால் இரண்டாக வாங்குவதே நல்லது.

அதே பல்பை எரியவிடாமல் 200 ஓமில் அளந்தால் 1 ஓம் அளவில்தான் காட்டும். மீற்றர் பழுதல்ல. தங்குதன் இழை குளிர்ந்திருக்கும்போது அதன் தடை எரியும்போது இருப்பதில் பத்திலொரு பங்களவுதான். கம்பி முனைகளை ஒன்றோடொன்று தொட்டு, அப்போது வரும் 0.3 அல்லது 0.4 ஓமைக் கழித்தபிறகுதான் இவ்வளவு சிறிய தடைக்கு ஓர் அர்த்தம் வரும்.

வீட்டுப் பொருள்களில் இந்த மீற்றர் உண்மையாகவே உதவுவது மின்னழுத்தி போன்ற வெப்பச் சாமான்களுக்கு. அவற்றுக்குள் சூடாகிற நிக்குரோம் கம்பியின் தடை சூட்டில் அதிகம் மாறாது. பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றி, மின்னழுத்தியின் வெப்பக் குமிழைக் கூட்டிவைத்து, நீளமான நில ஊசியை விட்டு மற்ற இரண்டு ஊசிகளுக்கும் இடையில் அளக்கவேண்டும். 53.4 வந்து அதில் 0.4 கழிந்தால் 53.0 ஓம். 230 × 230 ÷ 53.0 = 998 வாற்று; அதாவது 1000 வாற்று என்று எழுதியிருப்பது சரி. ட்ரான்ஸ்போமருக்குத் தூரத்து வீடுகளில் பின்னேரம் வோல்ற்று 216க்கு இறங்கினால் அதே மின்னழுத்தி 880 வாற்றுதான் எடுக்கும். நில ஊசிக்கும் மற்ற ஊசிகளுக்கும் இடையில் 2000கே (2000 கிலோ ஓம்) நிலையில் இடப்பக்கம் வெறும் 1 மட்டும் நிற்கவேண்டும்; தடை அளவெல்லையைத் தாண்டிவிட்டது என்பதே அதன் அர்த்தம். வேறு எண் ஏதாவது வந்தால் அந்த மின்னழுத்தியைப் பாவிக்கவேண்டாம்.

கிணற்று மோட்டருக்கு இந்தக் கணக்கு செல்லாது. சுருளின் தடை 8 ஓம் என்று வந்தால் சூத்திரம் 6600 வாற்று என்று சொல்லும். அரைக் குதிரைவலு மோட்டரின் வெளியீடோ 373 வாற்றுதான். வீட்டுக்கு வருகிற ஆடலோட்டத்தில் (ஏசி) சுருளின் தூண்டலும், சுழலும் மோட்டருக்குள் உண்டாகும் எதிர் வோல்ற்றும் சேர்ந்து மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகின்றன. மோட்டரின் மின்னோட்டத்தை அளக்க, கம்பியைச் சுற்றிக் கவ்விப் பிடிக்கிற கிளாம்ப் மீற்றர் வேண்டும். டிடி-830பியில் ஆடலோட்ட அம்பியர் நிலையே கிடையாது.

இனி அந்த 10ஏ துளை. அதற்குப் பியூஸ் இல்லை. அருகிலேயே ஆங்கிலத்தில் அப்படிப் பொறித்திருக்கும், எழுத்துத்தான் பொடி. சிவப்புக் கம்பி அதில் இருக்க, மறந்துபோய் முனைகளைச் சுவர்ப் பிளக்கில் வைத்தால் நேரடிக் குறுஞ்சுற்று: தீப்பொறி பறக்கும், கம்பி உருகும், கையும் சுடும். அந்தத் துளையை ரேப் ஒட்டி மூடிவையுங்கள், தேவைக்கு மட்டும் திறவுங்கள். 230 வோல்ற்றைப் பார்க்கத்தான் வேண்டுமென்றால் குமிழ் ஆடலோட்ட 750இல் இருக்கிறதா என்று இரண்டு தரம் பாருங்கள். மெயின் சுவிச் பெட்டிக்குள் இதைக் கொண்டுபோகவே வேண்டாம். அந்த வேலைக்கு ஏற்ற காப்பு இதன் கூட்டிலும் இல்லை, கம்பியிலும் இல்லை.

200 மில்லியம்பியர் பக்கத்துக்கு உள்ளே ஒரு சிறு கண்ணாடிப் பியூஸ் உண்டு. அந்த நிலையில் பற்றரியின் இரு முனைகளையும் நேராகத் தொட்டால் அது போய்விடும். சில மீற்றர்களில் அதைப் பலகையோடு பற்றவைத்திருப்பதால் மாற்றுவது சிரமம். உள்ளே இருக்கிற 9 வோல்ற்று பற்றரி இறங்கும்போது திரை உடனே மங்காது; எண்கள் கூடிக் காட்டத் தொடங்கும். புதுப் பென் பற்றரி ஒன்று 1.6ஐத் தாண்டி 1.8, 1.9 என்று காட்டினால் முதலில் மீற்றரின் பற்றரியை மாற்றுங்கள்.

வாங்கும்போது கடையிலேயே பற்றரி போட்டு, 200 ஓமில் வைத்து முனைகளைச் சேர்த்துப் பிடித்து, கம்பி கைபிடிக்குள் நுழைகிற இடத்தை வளைத்து அசைத்துப் பாருங்கள். எண் தாவினால் அந்தக் கம்பி உள்ளே அறுந்துகொண்டிருக்கிறது. வேறு சோடி கேளுங்கள்.