பாண்டியில் ஒரு வெளிநாட்டு மருத்துவப் படிப்பு கன்சல்டன்சி: செகண்ட் கிளாஸ்காரன் அனுபவம்

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். அதில் ஒன்று அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கு. இன்னொன்று, என் மார்க் ஷீட்டைப் பார்த்து யாரும் சிரிக்காததற்கு. கடைப் பெயர் போடவில்லை, கொடுத்த பணத்தில் இன்னும் பாக்கி வரவேண்டியிருக்கிறது.

நான் கடலூர், மஞ்சக்குப்பம். பி.எஸ்சி. விலங்கியல், 56 சதவீதம். நீட் இரண்டு தடவை எழுதி சீட் கிடைக்காமல் காலேஜில் சேர்ந்தவன், இப்போது ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கிறேன். போன வருடம் (2025) ஜூலையில் வாட்ஸ்அப்பில் அந்த விளம்பரம் வந்தது: "எந்த டிகிரியும் போதும், நீட் தேவையில்லை, 4 வருடத்தில் இங்கிலாந்து டாக்டர்." அம்மாவைக் கூட்டிக்கொண்டு பாண்டி பஸ் ஏறினேன்.

ஏ.சி. நன்றாக இருந்தது, காபி கொடுத்தார்கள். ஓனர் முதலில் கேட்டது மார்க் அல்ல, "வீட்டுல யாருக்காவது பிரெஞ்ச் பாஸ்போர்ட் இருக்காம்மா?" என்பதுதான். பாண்டியில் இது சாதாரணக் கேள்வி. எங்களுக்கு ரேஷன் கார்டுதான் இருக்கிறது. (பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பிரெக்ஸிட்டுக்கு அப்புறம் அதை மட்டும் வைத்துக்கொண்டு இங்கிலாந்தில் உள்ளூர்க் கட்டணம் கிடைக்காது, முன்பிருந்தே அங்கே குடியிருந்தவர்கள் கதை வேறு.) அப்புறம் என் 56ஐப் பார்த்துவிட்டு, "அங்க இதுக்குப் பேரு டூ டூ, தம்பி. தாராளமா எடுத்துக்கறாங்க" என்றார். 25 ஆயிரம் ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. அம்மா ஜாக்கெட்டுக்குள்ளிருந்து பர்ஸை எடுத்துவிட்டார்.

அந்த "டூ டூ" என்ன என்று நானே உட்கார்ந்து படித்தபோதுதான் புரிந்தது. அங்கே 70ம் அதற்கு மேலும் என்றால் முதல் வகுப்பு. 60 முதல் 69 வரை மேல் இரண்டாம் வகுப்பு, அதைத்தான் டூ ஒன் என்கிறார்கள். 50 முதல் 59 வரை கீழ் இரண்டாம் வகுப்பு, டூ டூ. நம் ஊர் மார்க்கை அப்படியே அதில் பொருத்த முடியாது, ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் கணக்குப்படி மாற்றிப் பார்க்கும். பட்டதாரிகளுக்கான 4 வருட மருத்துவப் படிப்பு பல இடங்களில் டூ ஒன் கேட்கிறது. டூ டூவை அடியோடு ஒதுக்குகிறார்கள் என்றும் சொல்ல முடியாது, ஆனால் அதோடு வேறு ஏதாவது கையில் இருக்கவேண்டும். உதாரணத்துக்கு வார்விக் பல்கலைக்கழகத்தில் டூ டூ என்றால் மேலே ஒரு முதுநிலைப் பட்டமோ முனைவர் பட்டமோ கேட்கிறார்கள். இதுபோக பல கல்லூரிகள் இந்தப் படிப்பில் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்ப்பதே இல்லை. அங்கே கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போடுவது யூகாஸ் என்ற பொது அமைப்பு வழியாகத்தான், மருத்துவத்துக்கு அதில் மொத்தமே 4 கல்லூரிகளுக்குத்தான் விண்ணப்பிக்கலாம். அவர்கள் எனக்குக் கொடுத்த நாலு பெயர் பட்டியலில் இரண்டு, வெளிநாட்டவருக்குக் கதவே திறக்காதவை.

பயிற்சி வகுப்பு இதைவிட மோசம். யூகேட் என்று ஒரு நுழைவுத் தேர்வு, ஜூலையிலிருந்து செப்டம்பருக்குள் எழுதவேண்டும், ஒரு வருடத்துக்கு ஒரே தடவைதான். ஒரு வாரம் முழுக்க முக்கோணம், வட்டம், கறுப்பு அம்புக்குறி என்று உருவங்களை ஒப்பிடும் கணக்கு போட்டேன், லேப் முடித்து ஆறு மணி பஸ் பிடித்து வந்து. அந்தப் பகுதியையே 2025 தேர்விலிருந்து எடுத்துவிட்டார்கள்! பழைய புத்தகத்தை ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கேட்டால், "மூளைக்கு நல்லதுதானே தம்பி."

அடுத்தது, ஏன் டாக்டராக வேண்டும் என்று நம்மைப் பற்றி நாமே எழுதித் தரும் அறிக்கை. 2026 சேர்க்கையிலிருந்து அது ஒரே நீளக் கட்டுரை இல்லை, மூன்று கேள்விகளுக்குத் தனித்தனிப் பதில், எல்லாம் சேர்த்து 4,000 எழுத்து. இவர்கள் கொடுத்ததோ பழைய மாதிரிக் கட்டுரை, "என் தாத்தா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது" என்று தொடங்கியது. என் தாத்தா கடைசி வரை சைக்கிள் மிதித்தவர். வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்த நெய்வேலிப் பையனுடையதை வாங்கிப் பார்த்தால் அவனுக்கும் அதே தாத்தா, அதே படுக்கை. யூகாஸ் எல்லா அறிக்கைகளையும் கணினியில் ஒப்பிட்டு ஒற்றுமை பார்க்கிறது. 2007இல் அப்படிப் பார்த்தபோது 234 பேர் எட்டு வயதில் பைஜாமாவில் ஓட்டை விழும்படி எரித்துக்கொண்ட ஒரே கதையை எழுதியிருந்தார்களாம், முடியாத தாத்தா 175 பேருக்கு. அந்தத் தாத்தாவை எனக்கு 25 ஆயிரத்துக்கு விற்றிருக்கிறார்கள்.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். "நீட் தேவையில்லை" என்பதுதான் ஆறவில்லை. அங்கே சேர நீட் வேண்டாம், சரி. படித்துவிட்டு இங்கே வந்து கடலூரில் ஒரு கிளினிக் வைக்க நினைத்தால்? நீட்டில் தேர்ச்சி பெற்றிருக்கவேண்டும். அது மட்டுமில்லை, தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிப்படி வெளிநாட்டு மருத்துவப் படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்கவேண்டும், அதற்கு மேல் அதே நிறுவனத்தில் 12 மாதம் பயிற்சி. 4 வருடம் என்றால் 48 மாதம். விரல் விட்டு எண்ணினாலே ஆறு இடிக்கிறது. ஓனரிடம் சொன்னேன். "ஆறு மாசம்தானே, அதெல்லாம் பாத்துக்கலாம்." யார், எங்கே போய்ப் பார்ப்பது என்று சொல்லவில்லை. அங்கேயே தங்கிவிடுகிறவர்களுக்கு இந்த விதி பிரச்சினையில்லை. எனக்கு அம்மா இங்கே இருக்கிறார்.

அந்த ஒரு நட்சத்திரப் பெண்ணைச் சொல்லவேண்டும். ஓனர் சாப்பிடப் போன நேரத்தில் என் ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இந்த மார்க்கை வச்சு இந்த வருஷம் போடாதீங்க, காசு வேஸ்ட். அங்கதான் போகணும்னா முதல்ல மாஸ்டர்ஸ் முடிங்க. இங்கயே படிக்கணும்னா உங்க டிகிரி மார்க்கை யாருமே கேக்கப் போறதில்ல" என்றார். உண்மைதான். இங்கே எம்.பி.பி.எஸ். சேர ப்ளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மார்க், அப்புறம் நீட், அவ்வளவுதான். உச்ச வயது வரம்பையும் 2022இல் எடுத்துவிட்டார்கள். பாண்டி கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர் மருத்துவக் கல்லூரியும் 2020இலிருந்து நீட் வழிதான். நான் 56 வாங்கினேனா 86 வாங்கினேனா என்பது கோரிமேட்டில் யாருக்கும் வேண்டாத விஷயம். மூன்று வருடமாக அந்த 56ஐ நினைத்துத்தான் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன்.

யூகாஸில் மருத்துவத்துக்கு விண்ணப்பிக்க அக்டோபர் 15 கடைசித் தேதி. அதற்கு மூன்று வாரம் முன்பே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். பணம் கேட்க நாலு தடவை போனேன். முதல் தடவை ஓனர் இல்லை, இரண்டாவது தடவை செக் புக் இல்லை, மூன்றாவது தடவை ஏ.சி.கூட இல்லை. நாலாவது தடவை அம்மா வந்து சோபாவில் உட்கார்ந்துகொண்டு, "நான் கடைசி பஸ் வரைக்கும் இருக்கேன் சார், நீங்க வேலையப் பாருங்க" என்று சொன்ன பிறகு 12 ஆயிரம் வந்தது. பாக்கி "பதிவுக் கட்டணம்" என்கிறார்கள், ரசீதில் அப்படி ஒரு வரியே கிடையாது. அடுத்த சனிக்கிழமை மறுபடி போகிறோம், அம்மா இந்தத் தடவை சாப்பாடு கட்டிக்கொண்டு வருகிறாராம்.