54,500 ரூபாய் போச்சு: வேலூரில் ஸ்விட்ச் 2 வாங்கப் போகிறவர்கள் படியுங்கள்

நேற்று இரவு முழுக்கத் தூக்கமில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

54,500 ரூபாய். ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் கால் கடுக்க நின்று சம்பாதித்துக் கட்டிய சீட்டுப் பணம். 2025 ஜூனில் நின்டெண்டோ ஸ்விட்ச் 2 என்ற கேம் மெஷின் வந்ததிலிருந்தே அதன்மேல் ஆசை. நின்டெண்டோ கம்பெனி இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை, வெளிநாட்டிலிருந்து வரும் பீஸைத்தான் வாங்கியாக வேண்டும். அதனால்தான் வேலூரில் மொபைலும் கேம் சாமானும் விற்கும் ஒரு சின்னக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் டீ வரவழைத்தார். "கையில வெச்சுப் பாருங்க தம்பி" என்று மெஷினை நீட்டினார். பழைய ஸ்விட்சின் 6.2 அங்குலத் திரையில் கண்ணைச் சுருக்கி ஆடியவன் நான். இது 7.9 அங்குலம். இரண்டு பக்கக் கன்ட்ரோலரும் காந்தத்தில் டக்கென்று ஒட்டிக்கொண்டன. கார் ரேஸ் ஒரு இடத்திலும் திணறவில்லை. அங்கேயே மனசு விழுந்துவிட்டது. பெட்டி சீல் ஏன் பிரிந்திருக்கிறது என்று கேட்டேன். "செக் பண்ணத்தான் பிரிச்சோம்." நெட்டில் போட்டுப் பார்க்கலாமா என்றேன். "இங்க சிக்னல் வராது, வீட்டுல போட்டுக்கோங்க. நான் எங்க ஓடிப்போறேன்?" நம்பினேன். பில்கூடக் கேட்கவில்லை.

காட்பாடி வந்து வைஃபையில் இணைத்தால் 2124-4508 என்று ஒரு பிழை. நின்டெண்டோவே அந்த மெஷினை இணையச் சேவையிலிருந்து தடை செய்திருக்கிறது என்று அர்த்தமாம். எனக்கு முன்னால் யாரோ திருட்டு கேம் போட்டு ஆடியிருக்க வேண்டும். தடை மெஷினுக்கே என்பதால் புது அக்கவுண்ட் திறந்தும் பயனில்லை. கேம் வாங்கும் நின்டெண்டோவின் இணையக் கடையான ஈஷாப் கிடையாது, ஆன்லைன் ஆட்டமும் கிடையாது. கூடவே தலையில் கட்டிய மெமரி கார்டு சாதா மைக்ரோ எஸ்டி. இதில் கேம் ஏற்ற மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ்தான் வேண்டும்.

மறுநாள் போனேன். "சாஃப்ட்வேர் பிரச்சினை, அப்டேட் வந்தா சரியாயிடும்." அடுத்த நாள், "ஓனர் சென்னை போயிருக்கார்." டீ வாங்கிக் கொடுத்தவர் யாராம் அப்போது? வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. நேற்று, "நீங்கதான் ஏதோ பண்ணிட்டீங்க. பில் இருக்கா?" அம்மாவிடம் 54,500 ரூபாயை எப்படிச் சொல்வேன்?

வாங்குகிறவர்களுக்கு: கடையிலேயே உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து ஈஷாப் திறக்கிறதா பாருங்கள். திறக்காவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். சீரியல் நம்பர் எழுதிய பில் வாங்குங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. நான் ஜிபே ரசீதோடு இப்போதுதான் அதற்குப் போன் செய்யப் போகிறேன்.