ஊசியை நிறுத்தியாச்சு, இனி மாத்திரையா, நடையா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் அக்கா எடை குறைக்கும் செமாகுளூடைட் ஊசியை நிறுத்தினார். மாதாமாதம் பல நூறு வெள்ளி (ரிங்கிட்) கட்டுப்படியாகவில்லை. கூடவே கொழுப்பு மாத்திரையையும் விட்டுவிட்டார். "உடம்புதான் இளைச்சிடுச்சே, இது எதுக்கு?" என்றார். நான் பதறியது அதைக் கேட்டுத்தான்.

ஊசி பசியை அடக்கி வைத்திருந்தது. நிறுத்தியதும் பசி திரும்பும். 2022இல் வெளியான ஆய்வில், செமாகுளூடைட்டை நிறுத்தியவர்களுக்குக் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டுக்குள் திரும்பிவிட்டது. ரத்தக் கொழுப்பில் கிடைத்த நன்மையும் பெரும்பாலும் கரைந்தது. அதனால் எடை திரும்பினால், அக்காவுக்கு மன உறுதி இல்லை என்று யாரும் சொல்லக் கூடாது.

ஊசியையே தொடரலாமா? எடையைப் பிடித்து வைக்க அதுதான் பலமானது. பணம் இருந்து, மருத்துவரும் சொன்னால் தொடரலாம். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

அக்கா விட்ட கொழுப்பு மாத்திரை ஸ்டாட்டின் வகை. அது எடையைக் குறைக்காது. ஆனால் எடை ஏறினாலும் எல்டிஎல் என்னும் கெட்ட கொழுப்பை அது இறக்கும்: அட்டோர்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராம் ஏறக்குறைய 40 விழுக்காடு. அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். சிம்வாஸ்டாட்டின் என்றால் இரவில் போட வேண்டும்; அட்டோர்வாஸ்டாட்டினை எந்த நேரமும் போடலாம்.

நடையும் சாப்பாடும் வேறு வேலை செய்கின்றன. டிரைகிளிசரைடு என்னும் இன்னொரு ரத்தக் கொழுப்பு ஏறுவதற்குச் சர்க்கரையும் அளவுக்கு மிஞ்சிய சோறும் பெரிய காரணங்கள். அதனால் கெட்டிப்பால் ஊற்றிய தே தாரே டீயைக் குறைத்தாலே பலன் தெரியும். நாசி லெமாக் சோற்றில் உள்ள தேங்காய்ப்பால் எல்டிஎல்லை ஏற்றும். பாட்டி விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போனவர். அந்த உழைப்புக்குத் தட்டு நிறையச் சோறு சரி. நாம் அதே தட்டோடு டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறோம். சுகாதார அமைச்சு சொல்லும் 'சுக்கு சுக்கு செப்பாரோ' (கால், கால், அரை) நம் சாப்பாட்டுக்கும் பொருந்தும்: கால் தட்டு சோறு, கால் தட்டு மீனோ கோழியோ பருப்போ, அரைத் தட்டு காய்கறியும் பழமும்.

டென்மார்க்கில், அதே வகையைச் சேர்ந்த லிராகுளூடைட் ஊசி மட்டும் போட்டவர்களையும், மேற்பார்வையில் உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களையும் ஒப்பிட்டார்கள். இரண்டையும் நிறுத்தி ஓராண்டு கழித்துப் பார்த்தால், ஊசிக்காரர்களுக்கு ஏறக்குறைய 6 கிலோ அதிகமாகத் திரும்பியிருந்தது. எடைக்கு நான் நடையை நம்புவது இதனால்தான்.

ஆனால் எல்டிஎல்லை நடை அதிகம் இறக்காது. அதனால் மாத்திரையா நடையா என்று கேட்டால், அக்காவுக்கு இரண்டும் வேண்டும் என்பேன். மருத்துவரைப் பார்த்து மாத்திரையை மறுபடி தொடங்கியிருக்கிறார். காலையில் செம்பனைத் தோட்டத்து மண் சாலையில் இருவரும் நடக்கிறோம். மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை. தேதியை நாள்காட்டியில் வட்டமிட்டு வைத்திருக்கிறேன்.