சட்ட உதவி என்று வீடு தேடி வந்தவனிடம் 185,000 ரூபாவும் அண்ணாவின் பைலும் போயிற்று. வன்னியில் இருப்பவர்கள் கவனம்

நேற்றுப் பின்னேரம் கிளிநொச்சியில் இருந்து திரும்பி வந்ததில் இருந்து கை நடுக்கம் நிற்கவில்லை. இதை எழுதி முடிக்காமல் நித்திரை வராது. 185,000 ரூபா. ஒரு இலட்சத்து எண்பத்தையாயிரம். கச்சான் விற்று மிச்சம் பிடித்தது, என் சங்கிலியை அடகு வைத்தது, கன்றோடு கொடுத்த பசு, எல்லாம் சேர்த்த காசு அது.

என் அண்ணா முன்னாள் போராளி. 2009 மார்ச்சில் மாத்தளனில் விழுந்த செல்லில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது. இடுப்பிலும் முதுகெலும்புக்குப் பக்கத்திலும் செல் பீஸ் இன்னும் கிடக்கிறது. கப்பலில் புல்மோட்டைக்கு ஏற்றினார்கள், பிறகு வவுனியா ஆஸ்பத்திரி, பிறகு புனர்வாழ்வு முகாம், 2011இல்தான் வீட்டுக்கு வந்தார். ஜெய்ப்பூர் கால் என்கிற செயற்கைக் காலைப் போட்டுக்கொண்டு விசுவமடுப் பக்கம் சின்னதாக ஒரு சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிறார். மாரி தொடங்கினால் பீஸ் இருக்கிற இடம் இழுக்கும், கடை பூட்டுத்தான். மாதம் தவறாமல் வருவது மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவு மட்டும். அது 7,500 ஆக இருந்து இப்போது 10,000 ரூபா. அப்படிப் பார்த்தால் போனது அவருடைய பதினெட்டரை மாதக் காசு.

அரச படையில் இருந்து காயப்பட்டவருக்கு அங்கவீன ஓய்வூதியம் இருக்கிறது, அவர்களுடைய நலனைப் பார்க்க 1999ஆம் ஆண்டுச் சட்டத்தில் அமைத்த ரணவிரு சேவை அதிகாரசபையும் இருக்கிறது. மற்றப் பக்கம் நின்று கால் இழந்தவருக்கு அப்படி ஒரு ஓய்வூதியம் சட்டத்தில் இல்லை. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும், தெரிந்தும் ஒரு ஆசை உள்ளே கிடக்கும்தானே. அந்த ஆசைக்குள்தான் இந்தக் கூட்டம் கையை விட்டது.

ஆவணி மாதம் சமூக வலைத்தளத்தில் ஒரு பக்கம் கண்ணில் பட்டது. தராசுப் படம், கீழே 'போரில் அங்கவீனமுற்றோருக்கு இலவச சட்ட ஆலோசனை' என்று எழுதியிருந்தது. நான்தான் நம்பரை அனுப்பினேன், அண்ணா இல்லை. இரண்டாம் நாளே ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். வெள்ளைச் சேட், நாற்பது வயது இருக்கும். சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு, அம்மாவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, அண்ணாவுக்குப் பக்கத்தில் பாயில் இருந்தார். கொழும்பில் சமத்துவ அடிப்படையில் ஒரு வழக்குப் போகிறது, படைக்காரருக்குக் கொடுக்கிற மாதிரியே எல்லோருக்கும் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வரப்போகிறது, இப்போது பெயர் சேர்த்தவர்களுக்கு நிலுவையாக 25 இலட்சம், பிறகு மாதாமாதம் 35,000 என்றார். அதுவரைக்கும் நான் அரைகுறையாகத்தான் நம்பினேன்.

பிறகு அண்ணாவின் எக்ஸ்ரேயைக் கேட்டார். உறையில் இருந்து எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு பீஸாக விரலால் தொட்டு எண்ணினார். ஏழு. திரும்பி, "அண்ணை, இதோட எப்படி நித்திரை கொள்ளுறீங்கள்?" என்று கேட்டார்.

எத்தனை பேர் எங்கள் வீட்டுக்குக் கணக்கெடுக்க வந்திருப்பார்கள். பெயர், வயது, எந்தக் கால், எந்த வருடம், கையெழுத்து வையுங்கள். இந்தக் கேள்வியை ஒருத்தரும் கேட்டதில்லை. அண்ணா பதில் சொல்லவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அடுக்களைக்குப் போய் அழுதேன். அந்த இடத்தில் விழுந்துவிட்டோம். இனி அவனை அவர் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

அன்றைக்கே பைல் திறக்க என்று 10,000. இலவசம் என்று போட்டிருந்ததே என்று கேட்டதற்கு, ஆலோசனைதான் இலவசம், வழக்குச் செலவு வேறு என்றான். புரட்டாதியில் சத்தியக்கடதாசி, மொழிபெயர்ப்பு, வைத்திய அறிக்கை என்று 50,000. ஐப்பசியில் சிங்களத்தில் இரண்டு பக்கம் கொண்டு வந்தான், சமாதான நீதவானின் சீல் என்று ஒன்று குத்தி இருந்தது. கொழும்புக்கு சிங்களத்தில்தான் போகவேணும் என்றான், அண்ணா கையெழுத்து வைத்தார். கடைசியாக, நிலுவை வந்துவிட்டது, ஐந்து வீதம் முன்கூட்டியே கட்டினால்தான் விடுவிப்பார்கள் என்று 125,000. அதற்குத்தான் பசு போனது. புல்மோட்டையில் தந்த துண்டு, வவுனியா ஆஸ்பத்திரிக் கடிதம், கிளினிக் கொப்பி, எக்ஸ்ரே எல்லாம் பச்சை பைலில் போட்டு மூலப்பிரதியாகவே வாங்கிக்கொண்டு போனான். போட்டோக்கொப்பி எடுத்துத் தருகிறேன் என்றேன். கொப்பி செல்லாது தங்கச்சி என்றான்.

அப்புறம் தொடங்கியது. இந்தக் கிழமை போயா வருகிறது, அடுத்த கிழமை பாருங்கள். பைல் பெரியவரின் மேசையில் இருக்கிறது. பெரியவர் வெளிநாட்டில். பிறகு ஒரு பிள்ளை போனை எடுத்து, "அக்கா, சேர் கோட்ஸில நிக்கிறார்" என்றாள். இரவு எட்டு மணிக்கு எந்தக் கோட்ஸ்? பிறகு வட்ஸ்அப்பில் நீலக் கோடு மட்டும் விழும், பதில் வராது. மார்கழியில் ஒருநாள் அவனே எடுத்தான். காசைத் திருப்பித் தாருங்கள் என்றேன். குரலே மாறிவிட்டது. "உங்கட அண்ணை ஆர் எண்டு தெரியும்தானே? பொலிசுக்குப் போனால் ஆரை முதல் விசாரிப்பினம் எண்டு யோசிச்சுப் பாருங்கோ" என்றான்.

எங்கள் காசு போனதைவிட எனக்கு இதுதான் எரிகிறது. முறைப்பாடு கொடுக்கப் பயப்படுகிற சனமாகப் பார்த்துத்தான் தேடிப் பிடிக்கிறார்கள். விசாரணை என்ற சொல்லைக் கேட்டாலே அண்ணா சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிடுவார். அது அவனுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. அன்றைக்கு அண்ணா, "விடு தங்கச்சி, போனது போகட்டும்" என்று சொல்லிவிட்டுப் படுத்தவர், இரண்டு நாள் கடை திறக்கவில்லை.

நேற்று ஒருவருக்கும் சொல்லாமல் கிளிநொச்சிக்கு பஸ் ஏறினேன். அவன் தந்த விலாசம் ஒரு கடைக்கு மேல்மாடி. பெயர்ப்பலகை கழற்றிய இடத்தில் நாலு ஆணித்துளை இருந்தது. கீழே கடைக்கார ஐயா, "நீங்களும் அவங்களைத் தேடியோ பிள்ளை? முந்தநாளும் மூன்று பேர் வந்தவை, ஒராள் இரண்டு காலும் இல்லாதவர், ஓட்டோவில வந்தவர்" என்றார். பிறகு சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒரு ரீச்சரிடம் அந்தக் கடதாசியைப் போனில் எடுத்த படத்தைக் காட்டினேன். வழக்கு என்ற சொல்லே அதில் இல்லையாம். ஒரு நலன்புரி நிதிக்கு என் சொந்த விருப்பத்தில் அன்பளிப்பாகத் தருகிறேன், திருப்பிக் கேட்கமாட்டேன் என்று இருக்கிறதாம். கீழே அண்ணாவின் கையெழுத்து. படத்தை எடுத்து வைத்திருந்ததே அருந்தப்பு.

என்ன செய்யவேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், தலை இடிக்கிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். போர்ப் பாதிப்புக்கு இழப்பீடு என்றால் அதற்கு 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தில் அமைத்த இழப்பீடுகளுக்கான அலுவலகம் இருக்கிறது. முதலில் உங்கள் கிராம அலுவலரிடமோ பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடமோ கேளுங்கள், இடையில் நிற்கிறவனிடம் கேட்காதீர்கள். வழக்கு என்றால் அரசாங்கத்தின் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, வருமானம் குறைந்தவர்களுக்கு சட்டத்தரணி வைத்துக் கொடுப்பதுதான் அதன் வேலை. வீட்டுக்கு வருகிறவன் தான் சட்டத்தரணி என்று சொன்னானா என்று யோசித்துப் பாருங்கள். எங்களுக்கு வந்தவன் ஒரு தரமும் சொல்லவில்லை, நாங்களாகத்தான் நினைத்துக்கொண்டோம். வாசிக்கத் தெரியாத மொழியில் கையெழுத்து வைக்காதீர்கள். வடக்கில் நிர்வாக மொழி தமிழ், தமிழில் தா என்று கேளுங்கள். மூலப்பிரதியைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள். காசு வருவதற்கு முதல் காசு கட்டு என்றால் எழும்பிப் போகச் சொல்லுங்கள்.

காசை உழைக்கலாம். புல்மோட்டைத் துண்டை இனி யாரிடம் போய்க் கேட்பது? அந்த ஒரு துண்டுதான் அண்ணாவுக்கு எங்கே, எந்தத் திகதியில் என்ன நடந்தது என்று எழுத்தில் இருந்தது. பச்சை பைல், மூலையில் பிள்ளையார் படம் ஒட்டியிருக்கும். எங்கேயாவது கண்டால், குப்பைக்குள் கிடந்தாலும் பரவாயில்லை, எனக்குத் தகவல் அனுப்புங்கள்.

இன்று காலை அண்ணாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு காலும் இல்லாதவர் ஓட்டோவில் வந்ததைச் சொன்னபோது கனநேரம் பேசாமல் இருந்தார். பிறகு காலை எடுத்துப் பட்டியை இறுக்கிக்கொண்டே, எப்போது போகிறோம் என்று கேட்டார். திங்கட்கிழமை காலை எட்டரைக்கு கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் நிற்போம், அங்கிருந்து முறைப்பாடு கொடுக்கப் போகிறோம். இவனிடம் கொடுத்தவர்கள் யாராக இருந்தாலும், கையில் என்ன துண்டு இருக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு வாருங்கள். துண்டு இல்லாவிட்டாலும் வாருங்கள்.