கிராபிக்ஸ் கார்டின் ஃபேனை மாற்றக் கொடுத்து நான் ஏமாந்த விவரம்

கணினியில் படத்தையும் வீடியோவையும் கையாளும் கிராபிக்ஸ் கார்டின் ஃபேன் பழுதாகி, அதை மாற்றுவதற்காகக் கடையில் கொடுக்க இருப்பவர்கள், கொடுப்பதற்கு முன்பே இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரைக் குறிப்பிடவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

திருமண வீடியோக்களை எடிட் செய்து கொடுப்பது என் தொழில். 2021-இல், கிரிப்டோ நாணயங்களைக் கார்டுகளை ஓடவிட்டு ஈட்டும் மைனிங் காரணமாகக் கார்டுகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு விலை கண்டபடி ஏறியிருந்த நேரத்தில், வேறு வழியின்றி 41,000 ரூபாய் கொடுத்து ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கார்டு ஒன்றை வாங்கினேன். மூன்று ஆண்டு வாரண்டி முடிந்து சில மாதங்கள் கழித்து, அதன் இரண்டு ஃபேன்களில் ஒன்று காலையில் கணினியைப் போட்டதும் கரகரவென்று சத்தம் எழுப்பத் தொடங்கியது. பிறகு சுற்றாமலே நின்றுவிடும். பென்சில் முனையால் மெல்லத் தள்ளிவிட்டால் சிறிது நேரம் சுற்றும். ஒரு ஃபேனை மட்டும் நம்பி ரெண்டரிங் (எடிட் செய்ததை முழு வீடியோவாக ஆக்கும் வேலை) போட்டால் வெப்பம் 83 டிகிரியைத் தொட்டு, கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது.

இந்தப் பழுது பெரியதல்ல. ஃபேனின் நடு அச்சைத் தாங்கும் பேரிங்கில் இருக்கும் எண்ணெய் ஆண்டுக்கணக்கில் வெப்பத்தில் காய்ந்துவிடுவதால் வருவது. கார்டின் மூளையான சிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது அப்போதே எனக்குத் தெரிந்திருந்தால் கடைக்காரர் சொன்ன மற்ற எதற்கும் தலையாட்டியிருக்க மாட்டேன்.

சென்னை ரிச்சி தெருவில் நான் இதற்குமுன் போயிராத ஒரு கடையில் கார்டைக் கொடுத்தேன். அந்தத் தெருவில் நேர்மையாகத் தொழில் செய்பவர்கள் பலர் இருக்கிறார்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சரியான ஃபேன் பின்னால் எனக்குக் கிடைத்ததும் அதே தெருவில்தான். நான் போன கடையில், "ரெண்டு ஃபேனும் போயிடுச்சு சார், ஒரிஜினலே போட்டுத் தர்றோம், உள்ளே பேஸ்டும் மாத்திடலாம், இல்லேன்னா சிப் போயிடும்" என்று சொல்லி 3,200 ரூபாய் கேட்டார்கள். பேஸ்ட் என்பது சிப்பின் சூட்டை அதன் மேலிருக்கும் உலோகத்துக்குக் கடத்தும் பசை. ஒப்புக்கொண்டேன். ரசீதில் "சர்வீஸ்" என்ற ஒரே சொல்லையும் தொகையையும் எழுதிக் கொடுத்தார்கள். என்ன பொருள் போடப்போகிறார்கள் என்பதோ கார்டின் சீரியல் எண்ணோ அதில் இல்லை.

இரண்டு நாள் கழித்து வாங்கிவந்து பொருத்தியதும் ஃபேன்கள் முழு வேகத்தில் இரைந்தன. வேலை எதுவும் ஓடாதபோதும் இரைச்சல் குறையவில்லை. மென்பொருளில் பார்த்தால் ஃபேனின் வேகம் பூஜ்யம் என்று காட்டியது. தொலைபேசியில் கேட்டபோது, புது ஃபேன் அப்படித்தான் இருக்கும், இரண்டு நாளில் செட்டாகிவிடும் என்றார்கள். மூன்றாம் நாள் இரவு, மறுநாள் கொடுக்க வேண்டிய ஒரு வரவேற்பு நிகழ்ச்சியின் வீடியோ பாதி ரெண்டராகியிருந்த நிலையில், திரை முழுவதும் வண்ணக் கட்டங்கள் சிதறிப் பின் இருண்டுபோனது. சிப்பின் வெப்பம் அப்போது 70 டிகிரியைக்கூடத் தாண்டவில்லை என்பதால் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

வேறு வழி தெரியாமல் நானே கார்டைத் திறந்தேன். பழைய பிளக்கின் கம்பிகளை வெட்டி, அவற்றோடு வேறு ஃபேன்களின் கம்பிகளை முறுக்கிச் சேர்த்துக் கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். மின்சாரத்துக்கு இரண்டு, சுற்றும் வேகத்தைக் கார்டுக்குத் தெரிவிக்க ஒன்று, வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒன்று என்று நான்கு கம்பிகள் இருக்க வேண்டிய இடத்தில் முதல் இரண்டை மட்டும் இணைத்துவிட்டு, மற்ற இரண்டையும் நுனி வெட்டி அப்படியே விட்டிருந்தார்கள். ஃபேன்கள் ஓயாமல் முழு வேகத்தில் ஓடியதும், வேகம் பூஜ்யமாகத் தெரிந்ததும் இதனால்தான். அந்த ஃபேன்களும் புதியவை அல்ல. இறக்கைகளைக் கழுவித் துடைத்திருந்தாலும், அவை நடுக்குமிழில் சேரும் இடுக்குகளில் பழைய தூசு சாம்பல் நிறத்தில் படிந்திருந்தது. பின்புற ஸ்டிக்கரின் ஒரு முனை மடங்கி, அதைத் தூக்கி விட்ட எண்ணெய் கசிந்து காகிதம் பாதிவரை பழுப்பாகியிருந்தது.

இதைவிட மோசமானது, சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகத் தகடுகளான ஹீட்சிங்கின் அடியில் இருந்தது. என் கார்டில் ஃபேன்கள் உள்ள மேல்மூடியைத் தனியாகக் கழற்ற முடியும்; ஹீட்சிங்கைத் தொடவே தேவையில்லை. பேஸ்ட் மாற்றுவதாகச் சொல்லி அதையும் கழற்றியவர்கள், சிப்பைச் சுற்றியுள்ள ஆறு நினைவகச் சில்லுகளில் இரண்டின் மேல் இருந்த தெர்மல் பேடுகளை (சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் மெத்தென்ற பட்டைகளை) மீண்டும் வைக்காமலே மூடியிருந்தார்கள். அந்த இரண்டும் ஹீட்சிங்கைத் தொடாமல் தம் சூட்டிலேயே வெந்துகொண்டிருந்தன. நினைவகத்தின் வெப்பத்தை இந்தக் கார்டு மென்பொருளுக்குத் தெரிவிப்பதில்லை. ஆகவே நான் எத்தனை முறை பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது.

படங்களோடு கடைக்குப் போனேன். "நீங்க திறந்துட்டீங்க, இனி எங்க பொறுப்பு இல்ல" என்றார்கள். என் பழைய ஃபேன்களைத் திருப்பிக் கேட்டேன். குப்பையில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அவை கையில் இருந்திருந்தால் பின்னால் எழுதியிருந்த மாடல் எண்ணைக் காட்டி ஒரே நாளில் வேறு வாங்கியிருப்பேன். கிடைக்காததால் அதே மாடல் கார்டு வைத்திருந்த நண்பர் ஒருவரின் கார்டைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டேன். ஜோடி 1,400 ரூபாய்க்குக் கிடைத்தது. சரியான தடிமனில் தெர்மல் பேடும் வாங்கி நானே மாற்றியபின் கட்டங்கள் வருவது நின்றது. இப்போது ரெண்டரிங்கில் 68 டிகிரி.

நீங்கள் கொடுப்பதாக இருந்தால், கார்டின் சீரியல் எண்ணையும் ஃபேனின் பின்புற ஸ்டிக்கரையும் அவர்கள் கண்முன்னே படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரசீதில் ஃபேனின் மாடல் எண்ணையும், பழைய ஃபேனைத் திருப்பித் தருவார்கள் என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் கார்டை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். வாங்கும்போது அங்கேயே ஒரு கணினியில் பொருத்தி, சுமை ஏற ஏற ஃபேனின் வேகம் திரையில் ஏறுகிறதா, வேலை நின்றதும் இறங்குகிறதா என்று பாருங்கள். பல கார்டுகளில் வெப்பம் குறைவாக இருக்கும்போது ஃபேன்கள் தாமாகவே நின்றுவிடும். அது பழுதல்ல, அதைக் காட்டி யாரும் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்தபின் கடையிலிருந்து 1,000 ரூபாய் தருவதாகப் பேசினார்கள், நான் ஏற்கவில்லை. நாம் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது என்பதாலும், குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம் என்பதாலும் அங்கே போகிறேன். எண்ணெய்க் கறை படிந்த அந்த இரண்டு ஃபேன்களையும் டேப்பைக்கூடப் பிரிக்காமல் ஒரு கவரில் போட்டு, ரசீதோடு வைத்திருக்கிறேன்.