பஞ்சிகாவத்தையில் வாங்கிய கிறீஸ் கன்: எட்டு மாதப் பாவனைக்குப் பிறகு

வண்டியின் அசையும் பாகங்களுக்குள் கிறீஸை அழுத்தி ஏற்றும் கைக்கருவிதான் கிறீஸ் கன், எட்டு மாதமாக இதைப் பாவிக்கிறேன். முழு வண்டிக்கும் நான்கு தடவை அடித்தாயிற்று. கன் நல்லது, கூட வந்த ஹோஸ் சரியில்லை, தனியாகக் காசு கொடுத்து வாங்கிய, ஹோஸின் நுனியில் மாட்டும் பூட்டு வாய்தான் இதில் அசல் சாமான். அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம், லொறி சேசிஸில் வீடு கட்டி ஓடுகிறவர்கள் மட்டும் மிச்சத்தையும் வாசியுங்கள்.

எங்களுடையது பதினாலரை அடி இசுசு எல்ஃப். லொறிப் பெட்டியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் நாலு பேர் படுக்க ஒரு வீடு, சின்னக் குசினி, 200 லீட்டர் தண்ணீர்த் தாங்கி. போன வருடம் மன்னாருக்குப் போய்த் திரும்பும்போது புத்தளம் தாண்டியதிலிருந்து ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்பக்கம் கிறீச் கிறீச் என்று கத்த ஆரம்பித்தது, வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வரவில்லை, கையால் இழுத்துக்கொண்டு வர வேண்டியிருந்தது. அதற்கு ஆறு கிழமைக்கு முன்புதான் ஒரு சேர்விஸ் ஸ்டேஷனில் விட்டு எடுத்திருந்தேன், பில்லில் கிறீஸ் என்று ஒரு வரி இருந்தது, காசும் கட்டியிருந்தேன். வீட்டுக்கு வந்து டோர்ச் லைட்டோடு அடியில் படுத்துப் பார்த்தால் இடது கிங் பின்னின் (முன் சக்கரம் திரும்பும் அச்சாணி) மேல் நிப்பிளில் (கிறீஸ் ஏற்றும் சின்ன முனை) கறுப்பு பெயிண்ட் அப்படியே தோல் மாதிரி ஒட்டியிருக்கிறது. அடிப்பக்கத்துக்கு எப்போதோ அடித்த பெயிண்ட் அது. நிப்பிளின் நடுவில் இருக்கும் சின்னக் குண்டு கூடத் தெரியவில்லை. ஒரு தடவையாவது கன்னின் வாய் அதில் பட்டிருந்தால் அந்தப் பெயிண்ட் அங்கே இருக்க வழியே இல்லை. நகத்தால் சுரண்டிப் பார்த்த அந்த நிமிடத்தில் வந்த கோபம் இன்னும் போகவில்லை. அந்தப் பக்கத்துக் கிங் பின்னும் அதைச் சுற்றியிருக்கும் புஷ்ஷும் மாற்ற வேண்டி வந்தது. இனிமேல் நானே அடிப்பது என்று அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன்.

சரி, கடைக்கு வருவோம். கொழும்புப் பஞ்சிகாவத்தையில் வாகனச் சாமான் கடைகளுக்கு என்ன குறை. ஆனால் பெரிய கடைகளில் கேட்டால் காட்டுவது பிஸ்டல் மாதிரி ஒரு கையால் அமுக்குவது, அது மோட்டார் சைக்கிளுக்கும் காருக்கும் போதும், பல மாதம் கிறீஸ் காணாத லொறியின் கிங் பின்னுக்கு அதன் விசை போதாது. நாலாவது கடையில் ஒரு நானா, வயது எழுபதுக்குக் கிட்ட இருக்கும், நான் கன்னைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்டுவிட்டு, "தம்பி, கன்னப் பாக்காதீங்க, வாயப் பாருங்க. எல்லாரும் கன்ன வாங்கிட்டுப் போய், அடுத்த கிழம வாய மாத்தத்தான் வாராங்க" என்றார். லீவர் கன் 6,800 ரூபா, பூட்டு வாய் தனியாக 3,200. மூன்றில் ஒரு பங்கு விலையை நுனியில் இருக்கும் ஒரு துண்டுக்குக் கொடுக்க மனம் வரவில்லை, ஆனாலும் அவர் சொன்ன விதத்தில் ஒரு உறுதி இருந்தது, வாங்கிவிட்டேன்.

அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது முதல் நாளே விளங்கியது. கூட வந்த சாதாரண வாயை நிப்பிளில் குத்திப் பிடிக்க வேண்டும், அதற்கு ஒரு கை. லீவரை அடிக்க ஒரு கை. கன்னைத் தாங்க இன்னொரு கை. மூன்று கை எனக்கு இல்லை, அதுவும் மல்லாந்து படுத்திருக்கும்போது. கொஞ்சம் சரிந்தாலும் கிறீஸ் பின்னுக்குள் போகாமல் நிப்பிளைச் சுற்றி வழியும். பூட்டு வாயில் ஒரு சின்ன விசைத்தட்டு இருக்கிறது, அதை அமுக்கிக்கொண்டு நிப்பிளில் வைத்து விட்டால் உள்ளே இருக்கும் நாலு தாடையும் நிப்பிளின் கழுத்தைக் கவ்விப் பிடிக்கும், கன்னை அப்படியே தொங்கவிட்டாலும் கழலாது. இரண்டு கையும் லீவருக்கு. முடிந்ததும் திரும்ப அமுக்கினால் வந்துவிடும், சாதாரண வாய் மாதிரி உள்ளே அழுத்தம் நிற்கும்போது பிடித்துத் திருகி மல்லுக்கட்ட வேண்டியதில்லை. எட்டு மாதத்தில் ஒரு தடவை கூட ஒழுகவில்லை.

வேலை செய்வது மட்டக்குளியில் மாமாவின் வளவில். எங்கள் வண்டியில் மொத்தம் 20 நிப்பிள்: கிங் பின்னில் 4, முன் ஸ்பிரிங்கைப் பிடிக்கும் பின்களில் 6, பின்பக்க ஸ்பிரிங்கில் 6, பின் சக்கரங்களைச் சுழற்றும் ஷாஃப்டில் 4. முதல் தடவை ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்து, பழைய அழுக்கைச் சுரண்டி, வெள்ளைப் பெயிண்டால் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தேன். அதற்கே அரை நாள். இப்போது ஒன்றரை மணித்தியாலம் போதும். நிப்பிளின் தலையைத் துணியால் துடைக்காமல் கன்னை வைக்கவே கூடாது, அதில் ஒட்டியிருக்கும் மணலை நாமே கையோடு பின்னுக்குள் தள்ளிவிடுவோம்.

வீட்டு வண்டிக்கு என்று ஒரு விசேஷம் இருக்கிறது, சாதாரண லொறிக்காரர்களுக்கு இது வராது. லொறி சாமானை இறக்கினால் ஸ்பிரிங் எழும்பும், ஏற்றினால் அமரும், அதோடு ஸ்பிரிங்கின் பின்னும் கொஞ்சமாவது இடம் மாறும். எங்கள் வண்டியில் பாரம் எப்போதும் மேலேயே இருக்கிறது, கட்டில், அலுமாரி, காஸ் சிலிண்டர், தண்ணீர் எல்லாம் சேர்ந்து மாதக்கணக்கில் ஒரே பக்கமாக அழுத்திக்கொண்டு நிற்கிறது. அப்படி நிற்கும் பின்னுக்கு எவ்வளவு அடித்தாலும் கிறீஸ் பாரம் இல்லாத பக்கத்தால் வழிந்து வெளியே வந்துவிடும், தேய்கிற பக்கம் காய்ந்தே இருக்கும். அதனால் சேசிஸில் ஜக் வைத்து ஸ்பிரிங் தொங்கும் அளவுக்குத் தூக்கி, ஸ்டாண்டில் இறக்கிவிட்டு அடிக்க வேண்டும். கிங் பின்னுக்கு அச்சில் ஜக் வைத்து டயரைத் தரையிலிருந்து எடுத்து, ஒரு ஆள் ஸ்டியரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கடைசிவரை திருப்பத் திருப்ப அடிக்க வேண்டும். மாமா மேலே இருந்து திருப்புவார், நான் கீழே. "இன்னும் கொஞ்சம் திருப்புங்க மாமா" என்று சொல்லிக்கொண்டே எட்டு, பத்து என்று அடித்துக்கொண்டு போனால் முதலில் துருவும் தண்ணீரும் கலந்த ஒரு செங்கபிலக் கூழ் வரும், பிறகு கறுப்பு, அப்புறம்தான் நீலம். சுத்தமான நீலக் கிறீஸ் மெல்லிய நாடா மாதிரி புஷ்ஷின் விளிம்பில் எட்டிப் பார்க்கும்போது நிறுத்தலாம். ஜக்கை மட்டும் நம்பி யாரும் அடியில் போக வேண்டாம், ஸ்டாண்ட் இல்லாவிட்டால் அன்றைக்கு வேலையே வேண்டாம். மற்ற டயர்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்த பிறகுதான் ஜக்கையே எடுப்பது.

ஷாஃப்டில் குரொஸ் ஜொயிண்டுக்கு (ஷாஃப்ட் மடங்கும் இடத்துச் சிலுவை மூட்டு) நாலு மூடியிலும் கிறீஸ் வரும்வரை அடியுங்கள், மூன்றில் வந்து ஒன்றில் வரவில்லை என்றால் அந்த ஒன்றுதான் முதலில் போகும். ஸ்டியரிங் ரொட்டின் முனைகளில் எங்களுக்கு நிப்பிள் இல்லை, மூடியே வருகின்றன. உங்கள் வண்டியில் இருந்தால் ரப்பர் உறை லேசாக உப்பியதும் நிறுத்திவிடுங்கள், உறை வெடித்தால் அடுத்த மழைக்கே சேறு உள்ளே. ரப்பர் புஷ் இருக்கும் இடத்தில் கிறீஸ் பூசவே வேண்டாம், ரப்பர் ஊதிப் பழுதாகிவிடும்.

ஒரு நிப்பிள் அடைத்துக்கொண்டது, பின்பக்க இடது ஷெக்கிளில் (ஸ்பிரிங்கைச் சேசிஸோடு சேர்க்கும் ஆடும் இணைப்பு). லீவர் கல் மாதிரி நின்றது. இந்த மாதிரி நேரத்தில் நிப்பிளைக் கழற்றி கன்னின் வாயில் பூட்டித் தொங்கவிட்டு ஒரு தடவை அடித்துப் பாருங்கள். கிறீஸ் வந்தால் நிப்பிளில் பிழையில்லை, பின்னுக்குள் துவாரம்தான் அடைத்திருக்கிறது. வராவிட்டால் புதுசு ஒன்று போடுங்கள், நூறு, இருநூறு ரூபாச் சாமான். எனக்கு நிப்பிள்தான் பழுது.

கிறீஸைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல கன்னில் கெட்ட கிறீஸ் அடிப்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். கிறீஸின் தடிப்பைக் காட்டும் என்எல்ஜிஐ எண் 2 என்று டப்பாவில் இருக்க வேண்டும், வகை லிதியம் கொம்ப்ளெக்ஸ். நான் பாவிப்பது மொபில்கிறீஸ் எக்ஸ்எச்பி 222, அந்த நீலம் அதன் நிறம்தான். பையில் கட்டி நிறுத்து விற்கும் கிறீஸ் என்ன வகை என்று விற்கிறவருக்கே தெரியாது. நிறத்தை வைத்து வகை சொல்லவும் முடியாது, சிவப்பும் நீலமும் சாயம்தான். களிமண் அடிப்படையில் செய்த கிறீஸும் லிதியமும் கலந்தால் இரண்டும் இளகி ஒழுகிவிடும். உள்ளே முன்பு என்ன இருந்தது என்று தெரியாதபடியால்தான் முதல் தடவை பழையது முழுக்க வெளியே வரும்வரை அடித்தேன். கன்னின் லீவரை ஒரு தடவை அடித்தால் ஏறக்குறைய ஒரு கிராம் வரும், முழு வண்டிக்கும் இப்போது 400 கிராம் குழாயில் பாதிக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் போகிறது. கிலோமீட்டரைப் பார்த்து நான் அடிப்பதில்லை. எங்கள் வண்டி ஓடுவதை விட நிற்பதுதான் அதிகம், நிற்பதும் வெள்ளவத்தையில் கடல் காற்றில். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, அதோடு வெள்ளத்துக்குள் ஓடினால் அடுத்த நாளே.

இனி குறைகள். கூட வந்த ஹோஸ் 12 அங்குலம், உள் ஷெக்கிள்களுக்கு எட்டாது. இரண்டாம் மாதமே வாய்ப் பக்கத்தில் மடிந்து ரப்பரில் வெடிப்புத் தெரிந்தது. இதை நான் சும்மா குறையாகச் சொல்லவில்லை. லீவர் கன்னின் அழுத்தம் பல ஆயிரம் பிஎஸ்ஐ போகும், வெடித்த ஹோஸிலிருந்து ஊசி மாதிரிப் பாயும் கிறீஸ் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு சின்னப் புள்ளிதான் தெரியும், நோவும் அவ்வளவாக இராது, ஆனால் அப்படி நடந்தால் கழுவிவிட்டு இருக்காமல் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், கையையே இழக்க நேரலாம். அடிக்கும்போது ஹோஸைக் கையால் பிடிக்காதீர்கள். நான் அதை எறிந்துவிட்டு கம்பி வலை போட்ட 18 அங்குல ஹோஸ் ஒன்று, சுருள் காப்போடு, பழைய சோனகத் தெருவில் வாங்கினேன்.

இரண்டாவது, கொழும்பு வெயிலில் கன்னை அப்படியே வைத்தால் கிறீஸிலிருந்து ஒயில் பிரிந்து பின்பக்கத்தால் கசிகிறது. வேலை முடிந்ததும் கன்னின் பின்கம்பியை இழுத்துப் பூட்டி, உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கின் அழுத்தத்தை எடுத்துவிட்டால் கசிவு பெருமளவு நின்றுவிடும். குழாய் மாற்றும்போது காற்று அடைத்துக்கொண்டு லீவர் வெறுமனே ஆடுவதும் உண்டு, தலையில் இருக்கும் காற்றுத் திருகை அரைச் சுற்றுத் தளர்த்தி நாலைந்து தடவை அடித்தால் சரியாகிவிடும்.

போகிறவர்களுக்கு: வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகைக்குப் பல கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமை காலைதான் நல்லது. உங்கள் வண்டியின் நிப்பிள் ஒன்றைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய், வாங்கும் வாயை அதில் பூட்டி இழுத்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.