சூடு வரும், போகும்: டிரையரோடு சில வருடங்கள்

துணி காயவைக்கும் டிரையர் விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நான் சர்வீஸ் பில் கட்டிய அதே வாரத்தில் கேட்டது அவருடைய நேரம். என்னுடையது ஈரக்காற்றைக் குழாய் வழியாக வெளியே தள்ளும் வகை, 2,000 வாட் ஹீட்டர். சென்னைப் புறநகரில் அடுக்குமாடி வீடு.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி, கார்த்திகையில் மழை விடாமல் பிடித்துக்கொள்ளும்போது ஜீன்ஸ், துண்டு, பள்ளிச் சீருடை எல்லாம் ராத்திரியே காய்ந்துவிடும். வீட்டுக்குள் கொடி கட்டி, அதற்கடியில் குனிந்து குனிந்து நடக்க வேண்டாம். அந்த ஈரவாடையும் இல்லை. துண்டெல்லாம் கடையில் வாங்கியபோதுகூட இவ்வளவு மெத்தென்று இருந்ததில்லை.

சரி, எரிச்சலுக்கு வருகிறேன். கொஞ்ச நேரம் நன்றாகச் சூடேறும், அப்புறம் வெறும் காற்று, திரும்பவும் சூடு. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். மெஷின் வாயே திறக்காது என்பதுதான் தாங்கவில்லை. டிரம் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, நேரம் குறைந்துகொண்டே வருகிறது. கடைசியில் பீப் அடித்துக் கூப்பிட்டு ஈரத்துணியைக் கையில் கொடுக்கிறது. ஃபில்டரைச் சுத்தம் செய் என்று நினைவூட்ட விளக்கு வைத்தவர்கள், ஹீட்டர் நின்றுவிட்டது என்று சொல்ல ஒன்று வைத்திருக்கக் கூடாதா?

சர்வீஸ் ஆள் வந்தார். மெஷினை நகர்த்திப் பார்ப்பதற்கு முன்பே, "ஹீட்டர் காயில் போச்சு சார்" என்றார். புதுக் காயில் போட்டும் அதே கதைதான்.

காயில் அறுந்தால் பெரும்பாலும் சூடே வராது. விட்டுவிட்டு வந்தால் முதலில் பார்க்க வேண்டியது காற்று போகும் வழி. அது அடைத்துக்கொண்டால் ஹீட்டர் பக்கம் வெப்பம் தேங்கும். உடனே அங்கிருக்கும் பாதுகாப்புத் தெர்மோஸ்டாட் ஹீட்டரை நிறுத்தும், ஆறியதும் மறுபடி விடும். பழி அதன் தலையில் விழுகிறது, ஆனால் அது தன் வேலையைத்தான் செய்கிறது. குழாயைக் கழற்றிவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துக் கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்த்தேன். சூடு நிலையாக நின்றது. அப்போதே தெரிந்துவிட்டது, கோளாறு மெஷினுக்கு வெளியே.

எங்கள் அசோசியேஷன் புறா நுழையக் கூடாதென்று வெளித்துவாரங்களுக்கெல்லாம் கம்பிவலை அடித்திருந்தது. ஃபில்டரைத் தாண்டி வரும் பஞ்சு அத்தனையும் அதில் தலையணைபோல் அடைந்து கிடந்தது. மெஷினுக்குப் பின்னால் குழாய் வேறு சுவரோடு நசுங்கியிருந்தது. இது துணி காயாத பிரச்சினை மட்டுமல்ல. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரை எடுத்த கணக்கில் ஆண்டுக்குச் சுமார் 2,900 டிரையர் தீ விபத்துகள். அவற்றுக்கு முதல் காரணமே சுத்தம் செய்யாதது. வலையை எடுத்துவிட்டு, காற்று வந்தால் தானே திறக்கும் மூடி போட்டேன். அதற்கு அசோசியேஷனோடு நடந்த கடிதப் போக்குவரத்தைத் தனியாக எழுத வேண்டும்.

அதன் பிறகும் சில மாலைகளில் சூடு மந்தமாக இருந்தது. இது வோல்டேஜ். 230 இருக்க வேண்டிய இடத்தில் 190 வந்தால் குறைவது கொஞ்சம்தானே என்று தோன்றும். ஆனால் ஹீட்டரின் சக்தி வோல்டேஜின் வர்க்கத்தோடு இறங்குவதால், 2,000 வாட் சுமார் 1,365 ஆகிவிடும். எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் ஏசி ஓடும் நேரத்தில் போடாமல் காலையில் போட்டால் சரியாக இருக்கிறது.

துணி ஈரமாக இருக்கும்போதே மெஷின் நின்றுவிட்டால் அது வேறு நோய். டிரம்முக்குள் இருக்கும் இரண்டு உலோகப் பட்டைகள்தான் ஈரத்தை உணர்கின்றன. போர் தண்ணீரின் உப்பும் கண்டிஷனர் பிசுக்கும் அதில் படியும். வினிகர் தொட்ட துணியால் துடைத்தால் போதும்.

நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். குழாயை நேராக வெளியே விட வழியில்லாத வீட்டில் இது தலைவலி. குழாயே வேண்டாத கண்டன்சர் வகை இருக்கிறது, விலை அதிகம். என் மெஷினை எடுத்துக்கொள்கிறேன் என்றார் அவர். அது மட்டும் முடியாது என்றேன். மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. கார்த்திகையில் கேட்டிருந்தால் நாலு போட்டிருப்பேன்.